தெரிஞ்சதை ஒளிச்சு வைக்காத மார்க்கெட்டிங்காரர்

வாட்ஸ்அப் குரூப்ல இருக்கிற எல்லாருக்கும் இந்த விளம்பரம் ஒரு தடவையாவது வந்திருக்கும். "மூன்றே மாதத்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் கற்றுக்கொள்ளுங்கள், வீட்டில் இருந்தபடியே லட்சங்களில் சம்பாதியுங்கள்." கூடவே கடற்கரையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் ஒருவரின் படம். அந்த வெயிலில் ஸ்கிரீன் தெரியுமான்னு யாரும் கேட்கிறதில்லை! இன்னொரு பக்கம் ரீல்ஸ்ல ஒரு கூட்டம்: காலையில் 4 மணிக்கு எழு, 18 மணி நேரம் உழை, நண்பர்களை மற, அப்புறம் பாரு வெற்றியை.

இந்த இரண்டையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, இந்தத் துறையில் நிஜமாகவே கம்பெனி கட்டிய ஒருவர் தினசரி என்ன வேலை பார்த்தார், எப்படி யோசித்தார் என்று பார்க்கலாம். அவர் பெயர் ராண்ட் ஃபிஷ்கின். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக்காரர். மாஸ், ஸ்பார்க்டோரோ என்ற இரண்டு நிறுவனங்களைத் தொடங்கியவர்களில் ஒருவர். ("மாஸ்"னு படிச்சதும் நம்ம ஊர் இன்ட்ரோ சீன் ஞாபகம் வந்தா தப்பில்லை. ஆனா அது மொஸில்லா, டிமாஸ் மாதிரியான திறந்த இணையத் திட்டங்களின் பெயரில் இருந்து எடுத்த வால்.)

ஏன் இவர்? பணத்துக்காக இல்லை. இவரைவிடப் பல மடங்கு சம்பாதித்தவர்கள் இந்தத் துறையில் நிறைய பேர் உண்டு. ஆனால் தன் கடன், வாங்கிய முதலீடு, கைவிட்டுப்போன முதலீடு, சொதப்பிய புராடக்ட், தன் மனச்சோர்வு வரை எல்லாவற்றையும் பொதுவில் எழுதி வைத்தவர் இவர். அதனால் "பத்து வெற்றி ரகசியங்கள்" லெவலுக்கு மேலே போய் உள்ளே என்ன நடந்தது என்று நம்மால் பார்க்க முடிகிறது.

கடனில் இருந்து தொடங்கியது

ராண்டின் அம்மா கில்லியன் மியூசிக் 1981-ல் சியாட்டிலில் ஒரு சின்ன மார்க்கெட்டிங் ஆலோசனை நிறுவனம் தொடங்கினார். அக்கம்பக்கத்துச் சிறு வணிகங்களுக்கு விளம்பர வேலை செய்து தருவதுதான் தொழில். மகன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர், 2001-ல் படிப்பை முடிக்காமலே வெளியே வந்து அம்மாவோடு சேர்ந்து வெப்சைட் செய்து கொடுக்க ஆரம்பித்தார். நேரம் சரியில்லை. டாட்காம் குமிழி அப்போதுதான் வெடித்திருந்தது. வெப்சைட் என்றாலே காசு கொடுக்க ஆட்கள் யோசித்த காலம். கிரெடிட் கார்டு, கடன், அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன் என்று போய், மொத்தம் ஐந்து லட்சம் டாலரை நெருங்கிவிட்டது. இதை ராண்டின் அப்பாவிடம் சொல்லாமல் அம்மாவும் மகனும் மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒரு நிமிஷம். "படிப்பைப் பாதியில் விட்டுட்டு கம்பெனி ஆரம்பிச்சவர்"னு ஒரு வரியில் சொன்னால் ஹீரோ கதை மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு வந்த பல வருஷம், கடன்காரர்கள் போன் பண்ணினால் யார் எடுப்பது என்ற கதை. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் யாரும் இதை உதாரணமாக வீட்டில் காட்ட வேண்டாம்.

அந்தக் காலத்தில் அவர்கள் செய்த வெப்சைட்களுக்கான தேடுபொறி வேலையை, அதாவது கூகுளில் தேடினால் அந்தக் கடை மேலே வரும்படி செய்யும் எஸ்இஓ வேலையை, வெளியாட்களிடம் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கக் காசு இல்லாமல் போனபோது ராண்டே அதைக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆர்வத்தில் தேர்ந்தெடுத்த துறை இல்லை, வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்த துறை.

அப்போது எஸ்இஓ எப்படி இருந்தது என்று புரிந்தால்தான் அவர் அடுத்துச் செய்த காரியத்தின் அர்த்தம் புரியும். 1998-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான லேரி பேஜும் செர்ஜி பிரின்னும் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் பேஜ்ரேங்க் வந்தது. டேட்டா ஸ்ட்ரக்சர் படித்தவர்களுக்கு இது சுலபம்: ஒவ்வொரு வெப்பேஜும் ஒரு நோடு, ஒவ்வொரு லிங்கும் திசை உள்ள ஒரு எட்ஜ். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு லிங்க் லிங்க்காகக் கிளிக் பண்ணிக்கொண்டே போகிறார், அவ்வப்போது சலித்துப்போய் வேறொரு பக்கத்துக்குத் தாவுகிறார். நீண்ட நேரம் கழித்து அவர் எந்தப் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகமோ, அந்தப் பக்கத்துக்கு மதிப்பு அதிகம். கட்டுரையில் அந்த டேம்பிங் எண் 0.85 என்று வைத்திருந்தார்கள். லீனியர் ஆல்ஜீப்ராவில் "இதெல்லாம் எங்கப்பா யூஸ் ஆகும்"னு திட்டிக்கொண்டே போட்ட ஐகன்வெக்டர்தான் கடைசியில் விடை.

சுருக்கமாக, ஒரு லிங்க் என்றால் ஒரு ஓட்டு. ஓட்டு என்று வந்தாலே காசு கொடுத்து வாங்குகிறவர்களும் வருவார்கள், இல்லையா? லிங்கை விற்றார்கள். ஒன்றுக்கொன்று லிங்க் கொடுத்துக்கொள்ளும் ஆயிரக்கணக்கான போலி சைட்கள் வந்தன. அடுத்தவர் பிளாக்கின் கமென்ட் பகுதியில் போய் லிங்க் ஒட்டினார்கள். கூகுள் தன் விதிகளை முழுசாக வெளியே சொல்லாது, சொன்னால் அதையும் ஏமாற்றுவார்கள் என்பதால். அதனால் எஸ்இஓ செய்கிறவர்களும் தனக்குத் தெரிந்ததைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல மாட்டார்கள். சித்த வைத்தியர் மூலிகைப் பெயரை மறைக்கிற மாதிரி.

ராத்திரி எழுதிய பிளாக்

ராண்ட் இதற்கு நேர் எதிராகப் போனார். எஸ்இஓமாஸ் என்ற பெயரில் ஒரு பிளாக். பகலில் கிளையன்ட் வேலை. இரவு வீட்டுக்கு வந்து, அன்றைக்குக் கற்றதை எழுதுவது. வாரத்தில் ஐந்து இரவுகள், வருஷக்கணக்காக. முதலில் படிக்க ஆள் இல்லை. அவருக்கே பாதி விஷயம் தெரியாது, எழுத எழுதத்தான் தெரிந்துகொண்டார்.

என்ன எழுதினார் என்பதுதான் முக்கியம். "எஸ்இஓ ஏன் முக்கியம்?" மாதிரி பொதுவான உரை எழுதுகிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அவர் எழுதியது: இன்று இந்தப் பக்கத்தில் தலைப்பை மாற்றிப் பார்த்தோம், இப்படி ஆனது. இந்தக் காப்புரிமை ஆவணத்தில் கூகுள் இப்படிச் சொல்லியிருக்கிறது, அதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். இந்தக் கிளையன்டுக்குச் செய்தது எடுபடவில்லை. கீழே கமென்ட்டில் யாராவது "இது தப்பு" என்று சொன்னால் அதற்குப் பதில், தேவைப்பட்டால் திருத்தம். இப்படிப் பார்த்தால் அது நம்ம லேப் ரெக்கார்டுதான். ஒரே வித்தியாசம், சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதவில்லை.

இதில் ஒரு அழகான விஷயம், இந்தப் பழக்கமே எஸ்இஓவாக வேலை செய்தது. ஒவ்வொரு பதிவும் ஒரு புதுப் பக்கம். உபயோகமான பக்கத்துக்கு மற்றவர்கள் தானாக லிங்க் கொடுப்பார்கள். லிங்க் என்றால் ஓட்டு. ஓட்டு ஏற ஏற அவர் சைட் கூகுளில் மேலே வரும். மேலே வந்தால் கிளையன்ட் தேடி வருவார். காசு கொடுத்து வாங்கிய லிங்கை கூகுள் கண்டுபிடித்தால் ஒரே நாளில் பூஜ்ஜியம். இந்த லிங்க் அப்படிப் போகாது. புதிதாக வருகிறவர்களுக்காக அவர் எழுதிய தொடக்கநிலை எஸ்இஓ கையேடு இலவசமாகவே வெளியானது. ஒரு தலைமுறை எஸ்இஓ ஆட்கள் அதில்தான் அகரம் படித்தார்கள்.

"எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துட்டா நம்மகிட்ட யார் வருவா?" நியாயமான கேள்விதான். ஆனால் பிரியாணி செய்முறை யூடியூபில் ஆயிரம் இருக்கிறது, அதனால் பிரியாணிக் கடை எதுவும் மூடப்படவில்லை. செய்முறையைப் பார்த்துத் தானே செய்துகொள்கிறவர் எப்படியும் காசு கொடுத்திருக்க மாட்டார். பார்த்துவிட்டு "அப்பா, இவ்ளோ வேலையா, நீங்களே பண்ணிக்கொடுங்க" என்கிறவர்தான் கிளையன்ட்.

வெள்ளிக்கிழமை தோறும் வந்த "ஒயிட்போர்டு ஃப்ரைடே" வீடியோவும் அதே ரகம். ஒரு வெள்ளைப் பலகை, சில கலர் மார்க்கர், முறுக்கிய மீசையோடு ராண்ட், பத்து நிமிஷத்துக்குப் பக்கமாக ஒரு தலைப்பு. மோஷன் கிராபிக்ஸ் கிடையாது. பலகை முழுக்க ஏற்கெனவே எழுதி நிரப்பியிருப்பார், ஒரு போட்டோ எடுத்தால் முழுப் பாடமும் கையில். கான்ஃபரன்ஸ்களுக்கு மஞ்சள் ஷூ போட்டுக்கொண்டு போவது இன்னொரு பழக்கம். கூட்டத்தில் "அந்த மஞ்சள் ஷூ ஆள்" என்று அடையாளம் தெரியும். மார்க்கெட்டிங்காரர் அல்லவா.

ஆலோசனை வேலைக்காகத் தங்களுக்குள்ளேயே எழுதி வைத்திருந்த டூல்களை 2007-ல் மாதச் சந்தாவுக்கு வெளியே விட்டார்கள். கன்சல்டிங் கம்பெனி மெல்ல மெல்ல சாஃப்ட்வேர் கம்பெனியாக மாறியது. அதே வருஷம் ராண்ட் சிஇஓ ஆனார், 11 லட்சம் டாலர் முதலீடும் வந்தது. டூல் வாங்க வந்தவர்களில் பெரும்பங்கு பிளாக் படித்தவர்கள். தனியாக விற்பனைக் குழு வைத்துத் துரத்த வேண்டிய தேவை இருக்கவில்லை.

நம்மில் யாராவது இதைக் காப்பி அடிக்கலாமா என்றால், தாராளமாக. ஆனால் "டிஜிட்டல் மார்க்கெட்டிங் பற்றி டிஜிட்டல் மார்க்கெட்டிங்" செய்ய வேண்டாம், அந்த ரூம் ஏற்கெனவே ஃபுல். நீங்கள் ஈஎஸ்பி32 வைத்து ஏதோ செய்கிறீர்கள், வைஃபை பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கட் ஆகிறது, மூன்று நாள் மண்டையை உடைத்து பவர் சப்ளைதான் காரணம் என்று கண்டுபிடிக்கிறீர்கள். அதைப் படத்தோடு எழுதினால் அதே பிரச்சினையில் மாட்டிய இன்னொருவர் தேடி வருவார். எழுதுவதற்கு முன் ராண்ட் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு: இதை யார் அடுத்தவருக்கு அனுப்புவார், எதற்காக அனுப்புவார்? அந்த "யார்" என்ற இடத்தில் ஒரு உண்மையான ஆள் முகம் வரவில்லை என்றால் அந்தத் தலைப்பை விட்டுவிடலாம்.

18 மில்லியன் டாலரும் அதன் விலையும்

2011-ல் இரண்டு சம்பவம். ஹப்ஸ்பாட் நிறுவனம் கம்பெனியைச் சுமார் 25 மில்லியன் டாலருக்கு வாங்க முன்வந்தது. ராண்ட் 40 மில்லியன் கேட்டார், பேச்சு முடிந்தது. அதே வருஷம் 24 மில்லியன் டாலர் முதலீடு ஒன்று கடைசி நேரத்தில் கைநழுவியது. சாதாரணமாக இந்த மாதிரி விஷயத்தை அமுக்கிவிடுவார்கள். இவர் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று பிளாக்கில் நீளமாக எழுதினார். கம்பெனியில் அதற்கு ஒரு கொள்கையே இருந்தது. வெளிப்படை, உண்மைத்தன்மை, தாராளம், ஜாலி, பரிவு, வழக்கத்துக்கு மாறாக இருப்பது என்ற ஆறு குணங்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து "டாக்ஃபீ" என்று பெயர்.

2012-ல் ஃபவுண்ட்ரி குரூப் தலைமையில் 18 மில்லியன் டாலர் வந்தது. இங்கேதான் கதையின் கனமான பகுதி.

வென்ச்சர் கேபிடல் பணம் எப்படி யோசிக்கும் என்பதை நம்ம ஈ-செல் மீட்டிங்கில் யாரும் சரியாகச் சொல்வதில்லை. ஒரு ஃபண்ட் இருபது, முப்பது கம்பெனியில் காசு போடும். பாதிக்கு மேல் ஊற்றிக்கொள்ளும் என்று அவர்களுக்கே தெரியும். மிச்சத்தில் ஒன்றிரண்டு மட்டும் பல மடங்கு வளர்ந்து மொத்த ஃபண்டையும் திருப்பித் தர வேண்டும். அதனால் நிதானமாக லாபம் பார்க்கிற, போட்டதை இரண்டு மடங்காகத் தருகிற கம்பெனி அவர்கள் கணக்கில் வெற்றி இல்லை. இது அவர்களின் பேராசை என்று சொல்ல மாட்டேன், கணக்கே அப்படி. ஆனால் அந்தப் பணத்தை வாங்கின அன்றே, "நல்ல சின்ன கம்பெனி" என்ற பாதையை நீங்கள் மூடிவிட்டீர்கள்.

ஆட்களை எடுத்தார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்த பெரிய புராடக்டாக மாஸ் அனலிட்டிக்ஸ் திட்டமிடப்பட்டது. தேதி தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது, 2013 கடைசியில் ஒருவழியாக வெளிவந்தபோது எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. ராண்ட் தூக்கம் போய், எதிலும் இருளையே பார்க்கிற நிலைக்கு வந்தார். 2014 தொடக்கத்தில் சிஇஓ பொறுப்பை சாரா பேர்டிடம் கொடுத்தார். அந்த வருஷம் தன் மனச்சோர்வைப் பற்றிப் பெயர் சொல்லி, விவரமாக எழுதினார். ஸ்டார்ட்அப் உலகில் எல்லோரும் "செமையா போய்க்கிட்டு இருக்கு பிரோ" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நிறுவனர் இப்படி எழுதியதும் நிறைய பேர் தங்களுக்கும் இப்படித்தான் என்று சொல்ல வந்தார்கள்.

2016-ல் மாஸ் 59 பேரை வேலையில் இருந்து அனுப்பியது. மொத்த ஊழியர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல். 2018-ல் ராண்ட் வெளியேறினார், அதே வருஷம் "லாஸ்ட் அண்ட் ஃபவுண்டர்" என்ற புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதினார். 2021-ல் மாஸ் வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியது.

இதில் எனக்கு உறுத்துகிற ஒன்று உண்டு. வெளிப்படைத்தன்மை நல்ல குணம்தான், அது பிளாக்குக்கு வாசகர்களைத் தந்தது, கம்பெனிக்கு நம்பிக்கையைத் தந்தது. ஆனால் அந்த 59 பேரின் வேலையை அது காப்பாற்றவில்லை. தப்பான திசையில் போகும் பஸ்ஸில் டிரைவர் ஒவ்வொரு ஸ்டாப்பின் பெயரையும் சரியாக அறிவித்தாலும் பஸ் தப்பான ஊருக்குத்தான் போகும். எவ்வளவு பெரிதாக வளர வேண்டும், யார் பணத்தில் வளர வேண்டும் என்பது தனி முடிவு. அதை நல்ல பழக்கங்களால் ஈடுகட்ட முடியாது.

இரண்டாவது தடவை

ஸ்பார்க்டோரோவை 2018-ல் கேஸி ஹென்றி என்ற புரோகிராமரோடு சேர்ந்து தொடங்கினார். இந்தத் தடவை ஃபண்டிடம் போகவில்லை. தனிநபர்கள் பலரிடம் சேர்த்து 13 லட்சம் டாலர். நிபந்தனையும் வேறு: கம்பெனியை யாருக்காவது விற்றால்தான் முதலீட்டாளருக்குக் காசு என்று இல்லாமல், லாபம் வந்தால் அதில் இருந்தே பங்கு கிடைக்கும்படி ஒப்பந்தம். அதாவது கம்பெனி சின்னதாக, லாபமாக இருந்தாலே எல்லோருக்கும் போதும். அந்த ஒப்பந்த ஆவணங்களையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று வெளியிட்டார். பழக்கம் போகுமா?

புராடக்ட் வெளிவந்தது 2020 ஏப்ரலில். உலகமே லாக்டவுனில் கிடந்த மாதம், கம்பெனிகள் மார்க்கெட்டிங் செலவை வெட்டிக்கொண்டிருந்த நேரம். ஆனால் மாதச் செலவு இரண்டு பேர் சம்பளமும் சர்வர் பில்லும்தான் என்பதால் தாங்கியது. 2021-ல் அமண்டா நட்டிவிடாட் சேர்ந்து மூன்று பேர் ஆனார்கள். ஆபீஸ் கிடையாது, விற்பனைக் குழு கிடையாது. இப்படி வேலை செய்வதை அவர் "சில் வொர்க்" என்கிறார். செய்யக்கூடிய வேலைகள் நூறு இருக்கும், அதில் நாலைந்துதான் உண்மையில் எதையாவது மாற்றும். அதைத் தேடிச் செய், மீதியைச் செய்யாமல் விடு, ராத்திரி தூங்கு. அதிகாலை 4 மணி ரீல்ஸ்காரர்கள் மன்னிக்கவும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்று வேலை ஆகிவிடும். அவரால் மூன்று பேரோடு நிதானமாக நடத்த முடிவதற்குக் காரணம், முதல் நாளே ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். அந்தக் கூட்டம் பதினைந்து வருஷ இரவுகளில் சேர்ந்தது. செகண்ட் இயர்ல நேரா "சில் வொர்க்"ல ஆரம்பிக்கலாம்னா அதுக்கு நம்ம ஊர்ல வேற பேர் இருக்கு.

கிளிக்கே வராத தேடல்

ஸ்பார்க்டோரோ என்ன செய்கிறது? ஒரு குறிப்பிட்ட கூட்டம், உதாரணமாக உள் அலங்கார வடிவமைப்பாளர்கள், எந்த சைட் படிக்கிறார்கள், எந்த யூடியூப் சேனல் பார்க்கிறார்கள், எந்த பாட்காஸ்ட் கேட்கிறார்கள் என்று காட்டும். எஸ்இஓவால் பெயர் வாங்கியவர் ஏன் எஸ்இஓ டூல் செய்யவில்லை என்ற கேள்வியில்தான் அவருடைய இன்றைய பார்வை இருக்கிறது.

2019-ல் அவர் ஒரு கணக்கை வெளியிட்டார். கூகுள் தேடல்களில் பாதிக்கு மேல் எந்தக் கிளிக்கும் இல்லாமலே முடிகின்றன. "சென்னை வெப்பநிலை" என்று தேடினால் விடை அங்கேயே வந்துவிடும், எந்த சைட்டுக்கும் போக வேண்டாம். 2024-ல் டேட்டோஸ் நிறுவனத்தின் தரவோடு மறுபடி செய்தபோது அமெரிக்காவில் 58.5 சதவீதம், ஐரோப்பிய யூனியனில் 59.7 சதவீதம். அமெரிக்காவில் 1,000 தேடலுக்கு வெறும் 360 கிளிக்தான் கூகுளுக்குச் சொந்தமில்லாத, விளம்பரமும் இல்லாத வெளி சைட்களுக்குப் போகிறது. முன்பு கூகுளும் சைட் வைத்திருப்பவர்களும் ஒரு பேரத்தில் இருந்தார்கள்: என் பக்கத்தை நீ படித்துக்கொள், பதிலுக்கு ஆட்களை அனுப்பு. அந்த பேரம் ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டிருக்கிறது. இப்போது பக்கத்தின் உச்சியிலேயே ஏஐ பதில் வேறு வருகிறது.

(இந்த 2019 கணக்கின் தரவு ஜம்ப்ஷாட் என்ற நிறுவனத்தில் இருந்து வந்தது. அது அவாஸ்ட் ஆன்டிவைரஸ் கம்பெனியின் கிளை. ஆன்டிவைரஸ் போட்டவர்களின் பிரவுசிங் தகவலை விற்கிறார்கள் என்று செய்தி வெளியாகி 2020 ஜனவரியில் மூடப்பட்டது. பிறகு அமெரிக்க வர்த்தக ஆணையம் அவாஸ்ட் மீது 16.5 மில்லியன் டாலர் போட்டது. "டேட்டா டிரிவன்" என்று பெருமையாகச் சொல்லும்போது அந்த டேட்டா யாருடைய கம்ப்யூட்டரில் இருந்து வந்தது என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.)

அடுத்தது, யாருக்கு கிரெடிட் என்ற பிரச்சினை. நீங்கள் ஒரு ஹெட்போன் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு ரீலில் பார்த்தீர்கள். ரூம்மேட்டிடம் வாங்கிக் காதில் மாட்டிப் பார்த்தீர்கள். யூடியூபில் தமிழ் ரிவ்யூ இரண்டு. யாரோ வாட்ஸ்அப்பில் ஆஃபர் லிங்க் அனுப்பினார்கள். கடைசியில் கூகுளில் அந்த பிராண்ட் பெயரையே டைப் செய்து, முதலில் வந்த விளம்பரத்தைக் கிளிக் பண்ணி வாங்கினீர்கள். கம்பெனியின் ரிப்போர்ட்டில் என்ன இருக்கும்? "கூகுள் விளம்பரத்தால் ஒரு விற்பனை." ரூம்மேட் பெயர் எங்கேயும் இல்லை. அடுத்த மாதம் மேனேஜர் கூகுள் விளம்பரத்துக்கு இன்னும் காசு ஒதுக்குவார்.

2023-ல் ஸ்பார்க்டோரோ இதைச் சோதித்துப் பார்த்தது. பல ஆப்களில் இருந்து ஒரு சைட்டுக்கு ஆட்களை வரவைத்து, கூகுள் அனலிட்டிக்ஸ் அவர்கள் எங்கிருந்து வந்ததாகக் காட்டுகிறது என்று பார்த்தார்கள். வாட்ஸ்அப், டிஸ்கார்டு, டிக்டாக், ஸ்லாக் வழியாக வந்த அத்தனை பேரும் "நேரடியாக வந்தவர்கள்" என்றே பதிவானார்கள். லிங்க் எந்த ஆப்பில் இருந்து வந்தது என்ற தகவலே சைட்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. நம்ம காலேஜ் சிம்போசியத்துக்கு வெப்சைட் செய்கிற நண்பர்கள் கவனிக்க: ரெஜிஸ்ட்ரேஷனில் பாதி "டைரக்ட்" என்று காட்டினால், யாரும் யுஆர்எல்லை மனப்பாடம் பண்ணி டைப் அடிக்கவில்லை. வாட்ஸ்அப் குரூப்தான். லிங்கின் பின்னால் யுடிஎம் குறியீடு சேர்த்து அனுப்பினால் ஓரளவு தெரியும். ஃபார்மிலேயே "எப்படித் தெரிந்தது?" என்று ஒரு கேள்வி வைத்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

அளக்க முடிந்ததை மட்டும் செய்தால், அளக்க முடியாத நல்ல வேலை எல்லாம் நின்றுபோகும் என்பது ராண்டின் வாதம். அதனால் அவர் சொல்வது: உன் ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே போய், அங்கேயே முழு விஷயத்தையும் சொல்லு. "மேலும் படிக்க லிங்கைச் சொடுக்கவும்" என்று பாதியில் நிறுத்தினால் அந்த ஆப்பின் அல்காரிதமும் உன்னைக் கீழே தள்ளும், படிப்பவரும் கடுப்பாவார். இப்படிப்பட்ட எழுத்துக்கு அமண்டா வைத்த பெயர் "ஜீரோ கிளிக் கன்டென்ட்".

இதில் ஒரு முரண்பாடு இருப்பதும் உண்மை. இன்ஸ்டாவிலேயே எல்லாவற்றையும் கொட்டுவது வாடகை வீட்டுக்குச் சொந்தக் காசில் மாடி கட்டுகிற மாதிரி. நாளைக்கு அல்காரிதம் மாறினால் வெளியே நிற்க வேண்டும். அவருக்கும் இது தெரியும், அதனால்தான் சொந்த சைட்டும் ஈமெயில் பட்டியலும் வீடு என்று சொல்கிறார். மற்ற இடமெல்லாம் ஆட்களைச் சந்திக்கப் போகிற டீக்கடை. ஆனால் டீக்கடையில் நாள் முழுக்கப் பேசுகிறவரை வீட்டுக்கு எப்படி அழைத்து வருவது என்பதற்கு அவரிடமும் சுலபமான விடை இல்லை என்றே எனக்குப் படுகிறது.

கடைசியாக ஒரு சம்பவம். 2014-ல், கூகுளில் ஒரு முடிவை நிறைய பேர் கிளிக் செய்தால் அது மேலே ஏறுமா என்று பார்க்க, ராண்ட் தன்னை ட்விட்டரில் பின்தொடர்பவர்களிடம் ஒரு வார்த்தையைத் தேடி ஒரு குறிப்பிட்ட பக்கத்தைக் கிளிக் பண்ணச் சொன்னார். சில மணி நேரத்தில் அந்தப் பக்கம் மேலே வந்தது. வழக்கம்போல எழுதி வைத்தார். கூகுள் தரப்பில் இருந்தவர்கள், கிளிக்கை நேரடியாக அப்படிப் பயன்படுத்துவதில்லை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2023-ல் அமெரிக்க அரசு கூகுள் மீது தொடுத்த வழக்கில், கூகுளின் பாண்டு நாயக் அளித்த சாட்சியத்தில் கிளிக் தகவலைப் பயன்படுத்தும் நாவ்பூஸ்ட் என்ற அமைப்பு வெளியே வந்தது. 2024 மே மாதம், கூகுளின் உள் ஏபிஐ ஆவணங்கள் 2,500 பக்கத்துக்கு மேல், 14,000-க்கும் அதிகமான அம்சங்களின் பட்டியலோடு, ராண்டிடம் வந்து சேர்ந்தன. அவரும் மைக் கிங் என்ற எஸ்இஓ நிபுணரும் அலசி வெளியிட்டார்கள். அதிலும் நாவ்பூஸ்ட் பல இடங்களில் இருந்தது.

ஆவணங்கள் தங்களுடையவைதான் என்று கூகுள் ஒப்புக்கொண்டது. ஆனால் பழைய, முழுமையில்லாத தகவலை வைத்துத் தப்பான முடிவுக்கு வராதீர்கள் என்று எச்சரித்தது. அந்த எச்சரிக்கை ஒருவகையில் நியாயம்தான். ஒரு அம்சம் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக அது ரேங்கிங்கில் இப்போது பயன்படுகிறது என்று அர்த்தம் இல்லை, எவ்வளவு எடை என்றும் அதில் கிடையாது. ராண்டும் தன் பதிவிலேயே இந்த எல்லைகளைச் சொல்லியிருந்தார். இத்தனைக்கும் அவர் அப்போது எஸ்இஓ வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.